கல்லும் சீட்டும்

"கல்லுக்குக் கூடவா பிறப்புச் சான்றிதழ் வேண்டும்?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டபோது வகுப்பே சிரித்தது. நாங்கள் எல்லோரும்தான் சிரித்தோம். இன்று அதே கேள்விக்கு "ஆம், வேண்டும்" என்று விடை கூறுகிறோம். அதிலும் பழைய கல்லுக்கு, பிறந்த சுரங்கமே மூடப்பட்டுவிட்ட கல்லுக்கு, அது கட்டாயம் வேண்டும் என்கிறோம். இந்த முடிவுக்கு நாங்கள் எளிதில் வந்துவிடவில்லை. ஒரு தவறு செய்து, அதற்காக வெட்கப்பட்டு, சில மாதங்கள் நூல்களைப் புரட்டிய பிறகுதான் வந்தோம்.

எங்கள் அறிவியல் கூடத்தின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. மேல்தட்டுகளில் சங்கு, சோழி, பவளம், புட்டியில் அடைத்த பாம்பு. கீழ்த்தட்டில் சில கற்கள். பாம்பைப் பார்க்கத்தான் கூட்டம். கற்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்தக் கற்களில் ஒன்று ஊதா நிறம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. சாம்பல் நிறத்தில் மின்னும் காரீயத் தாதுவின் மேல், சின்னச் சின்னக் கனசதுரங்கள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு நிற்கும். யாரோ அளந்து வெட்டி ஒட்டியவை போலத் தோன்றும். ஆனால் மனிதக் கை அதில் படவே இல்லை.

சென்ற ஆண்டு அறிவியல் கூடத்திற்கு வெள்ளையடித்தார்கள். அலமாரியைக் காலி செய்து துப்புரவு செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. ஆர்வத்திற்குக் குறைவே இல்லை. வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுக் கற்களைத் துலக்கினோம். ஊதாக் கல்லின் அடியில் ஒட்டியிருந்த பழுப்பேறிய தாள் ஒன்று ஊறி உரிந்து, கழுவிய நீரோடு சாக்கடைக்குப் போயிற்று. கல்லின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டும், பொட்டின் மேல் கறுப்பு மையில் ஏதோ எண்ணும் இருந்தன. சுண்ணாம்பு தெறித்த கறை என்று எண்ணி நகத்தால் சுரண்டினோம். நன்றாகவே சுரண்டினோம்.

பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நின்றோம். அறிவியல் சிஸ்டர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "அந்தத் தாளில் என்னம்மா எழுதியிருந்தது?" என்று மட்டும் கேட்டார். ஒருத்தி, ஆங்கிலத்தில் "மைன்" என்று முடிந்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, "பி" என்ற எழுத்தில் தொடங்கியது என்றாள். மூன்றாமவள், பதினெட்டு என்று தொடங்கும் ஆண்டு ஒன்று இருந்ததாகச் சத்தியம் செய்யாத குறையாகக் கூறினாள். மூவரும் ஒரே தாளைப் பார்த்தவர்கள்!

"கல் இருக்கிறது, பிள்ளைகளே. எந்த ஊர்க் கல் என்று இனிமேல் யார் சொல்வார்?" என்றார் சிஸ்டர். முன்னொரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியை ஒருவரின் டிரங்குப் பெட்டியில் வந்தது அது என்பதைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கல்லின் பெயர் ஃபுளோரைட். சுண்ணத்தில் உள்ள கால்சியமும் ஃபுளோரின் என்னும் தனிமமும் சேர்ந்து உருவானது. பெயருக்கு மூலம் "பாய்தல்" என்று பொருள்படும் இலத்தீன் சொல். தாதுவோடு இதைச் சேர்த்து உலையில் இட்டால் உருகிய குழம்பு இளகித் தடையின்றி ஓடும். செருமானிய நாட்டுச் சுரங்க மக்கள் அவ்வாறு செய்ததை 1530 இல் வெளியான தம் நூலிலேயே அக்ரிகோலா என்ற அறிஞர் குறித்திருக்கிறார். இந்தக் கல்லின் தூளைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் எழும் ஆவி கண்ணாடியையே அரித்துவிடும் என்பதை 1771 இல் சுவீடன் நாட்டு ஷீலே கண்டார். அதனுள் ஒளிந்திருந்த ஃபுளோரினைத் தனியே பிரித்தெடுக்க வேதியியலார் பலர் முயன்று நஞ்சினால் துன்புற்றனர். முடிவில் 1886 இல் பிரான்சு நாட்டு முவாசான் வென்றார். 1906 இல் நோபல் பரிசும் பெற்றார். இத்தனை வரலாறு உள்ள கல்லைத்தான் நாங்கள் புளி போட்டுத் துலக்கினோம்.

இன்னும் ஒன்று. இது பார்வைக்குத்தான் உறுதி. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோசு வரிசையில் வைரம் 10 என்றால் இது 4. பேனாக்கத்தி கீறிவிடும். கனசதுரத்தின் முனை லேசாக இடித்தாலும் முக்கோணமாகச் சீவிக்கொண்டு போய்விடும். குளிர்ந்த கல்லில் வெந்நீர் ஊற்றினால் உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடும். சில ஊர்க் கற்கள் வெயிலில் நெடுநாள் வைத்தால் நிறம் மங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஃபுளோரைட் கல்லொன்று முனை மழுங்காமல் இன்று ஒருவர் கையில் இருக்கிறதென்றால், இடையில் அதைத் தொட்டவர் ஒவ்வொருவரும் குழந்தையைப் போலத் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

சரி, கல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிட முடியாதா? எங்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. இங்கிலாந்தில் டார்பிசயர் பகுதியில் காசல்டன் என்ற ஊருக்கு அருகே "புளூ ஜான்" என்னும் ஃபுளோரைட் கிடைக்கிறது. ஊதாவும் மஞ்சளும் வெண்மையும் பட்டை பட்டையாக ஓடும். பதினெட்டாம் நூற்றாண்டில் மாத்தியூ போல்டன் போன்றவர்கள் அதைக் கடைந்து பூச்சாடிகளாக்கிப் பொன்முலாம் பூசிய வேலைப்பாடுகளோடு விற்றார்கள். அந்தப் பட்டைகளின் போக்கைக் கண்டு, மலையின் எந்தக் கோட்டிலிருந்து வெட்டிய கல் என்று கூடச் சொல்லக்கூடிய வல்லுநர் உண்டாம். நம் நாட்டில் மகாராஷ்டிரத்துக் கருங்கல் குவாரிகளில் அரிதாக மஞ்சள் உருண்டைகளாகக் கிடைப்பதும் தனி அடையாளம் உடையது. ஆனால் காரீயத் தாதுவின் மேல் அமர்ந்த ஊதாக் கனசதுரம் என்றால்? வடக்கு இங்கிலாந்தின் வியர்டேல் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியிலும் அப்படித்தான். இரண்டும் கால்சியம், இரண்டும் ஃபுளோரின். அண்ணன் தம்பியை அடையாளம் காண்பது போல அல்ல. இரட்டைப் பிள்ளைகளை இருட்டில் அடையாளம் காண்பது போல. பெரிய ஆய்வுக்கூடங்களில் கல்லில் கலந்துள்ள அருமண் தனிமங்களை அளந்து ஓரளவு கூறலாம். அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஊர் தெரிந்த கல் வேண்டுமே! அதாவது, எவரோ சீட்டைக் காப்பாற்றி வைத்த கல் வேண்டும்.

அந்த வியர்டேலைப் பற்றிப் படிக்கப் படிக்க எங்கள் மனம் அங்கேயே தங்கிவிட்டது. டரம் மாவட்டத்து மேட்டு நிலம் அது. காற்றும் மழையும் மிகுந்த ஊர். நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை. மிகப் பழங்காலத்தில் அந்தப் பாறையின் வெடிப்புகளில் வெப்பமான உப்புநீர் ஏறி, காரீயத் தாதுவையும் ஃபுளோரைட்டையும் படியவிட்டுச் சென்றது. சில இடங்களில் பாறைக்குள் பொந்துகள் உண்டாயின. அந்த இருட்டறைகளில் இடத்தட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்தவைதான் அழகிய படிகங்கள். நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அங்கே காரீயத்திற்காகத் தோண்டினார்கள். ஃபுளோரைட் அவர்களுக்குக் குப்பை. வெளியே கொட்டிவிட்டார்கள். பிறகு எஃகு ஆலைகள் பெருகின. உலையில் குழம்பை இளக்க இதே குப்பை வேண்டும் என்றார்கள். அப்போது சுரங்கத்தை மட்டுமல்ல, பாட்டன்மார் கொட்டிய மேடுகளையும் கிளறி அள்ளினார்கள். அள்ளியதெல்லாம் நொறுக்கும் எந்திரத்திற்குப் போயிற்று. காரீயம் வேண்டும் என்ற காலத்தில் எறியப்பட்டது; ஃபுளோரைட் வேண்டும் என்ற காலத்தில் நொறுக்கப்பட்டது. எந்தக் காலத்திலும் அந்தப் படிகத்தைப் படிகமாக வேண்டியவர் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் முதலாமவர் யார் தெரியுமா? பிரபுக்கள் அல்லர். சுரங்கத் தொழிலாளர்களே! மெழுகுவத்தி வெளிச்சத்தில் தவழ்ந்து வேலை செய்தவர்கள், கண்ணுக்கு அழகாய்ப் பட்ட துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். ஓய்வு நேரத்தில் கண்ணாடி முகப்புள்ள மரப்பெட்டி செய்து, அதனுள் படிகங்களை அடுக்கிக் குகை போலவும் தெரு போலவும் அலங்கரித்தார்கள். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து ஒன்றைப் பலவாகக் காட்டினார்கள். நம் ஊரில் கொலு வைப்பதும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? "ஸ்பார் பெட்டி" என்று அதற்குப் பெயர். கில்ஹோப் என்னும் இடத்தில் இருந்த காரீயச் சுரங்க அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பெட்டிகள் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. எகிள்ஸ்டன் பெட்டி என்று பெயர் பெற்ற ஒன்றில் ஒரு தெருவே அடங்கியிருந்தது. பகலெல்லாம் இருளில் உழைத்தவன், அந்த இருளிலிருந்து கொண்டுவந்த கல்லால் ஒளி பொருந்திய ஒரு தெருவைக் கட்டிப் பார்த்தான் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதே பள்ளத்தாக்கில் ரூக்ஹோப் என்னும் சிற்றூரில் போல்ட்ஸ்பர்ன் என்றொரு சுரங்கம். அங்குக் கிடைத்த ஊதாக் கனசதுரங்களுக்கு ஈடு அரிது என்று சேகரிப்பவர் கூறுவர். 1932 இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வளவுதான். இனி அங்கிருந்து ஒரு படிகம் வரப்போவதில்லை. வெளியே ஏற்கெனவே வந்துவிட்டவை எத்தனையோ, உலகத்தில் உள்ளவை அத்தனையே. வியர்டேலில் ஃபுளோரைட்டுக்காகவே நடந்த பெருஞ்சுரங்க வேலையும் 1999 இல் குரோவரேக் சுரங்கத்தோடு முடிந்தது. இல்லினாய் மாநிலம் 1965 இல் ஃபுளோரைட்டைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. அங்கும் 1990களின் நடுவில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆகவே ஒரு சிறு தாளில் "போல்ட்ஸ்பர்ன்" என்று எழுதியிருந்தால் அது வெறும் ஊர்ப்பெயர் அன்று. போக முடியாத ஓர் இடத்திற்கு எஞ்சியிருக்கும் சாட்சி. "பி" என்ற எழுத்தில் தொடங்கியது என்று எங்கள் தோழி சொன்னதை நினைத்து எத்தனை இரவு வருந்தியிருப்போம்!

இந்தச் சாட்சியைக் காப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த பிலிப் ராஷ்லி தம் கனிமங்களை எண்ணிட்டுப் பட்டியல் எழுதி வைத்ததோடு, ஓவியர்களைக் கொண்டு வண்ணப்படம் எழுதச் செய்து 1797 இலும் 1802 இலும் நூலாக வெளியிட்டார். படம் பிடிக்கும் கருவி இல்லாத காலம் அது. அவர் 1811 இல் மறைந்தார். கற்கள் இன்றும் ட்ரூரோ நகர் அருங்காட்சியகத்தில் உள்ளன. மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த கரோலின் பெர்லி என்ற பெண்மணி (1851–1907) பாறைகளையும் கனிமங்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். அவை இலண்டன், மான்செஸ்டர் அருங்காட்சியகங்களை அடைந்தன. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாயிருந்த நாளில் ஒருத்தி பாறை தேடிப் பயணம் போனாள் என்பதை எங்கள் வகுப்பில் இரண்டு முறை உரக்கப் படித்தோம்.

எல்லோரிலும் எங்கள் மனத்தைக் கவர்ந்தவர் சர் ஆர்தர் ரசல் (1878–1964). சிறுவயதிலேயே கல் சேர்க்கத் தொடங்கியவர். பிரிட்டனின் சுரங்கங்களில் தாமே இறங்கிச் சேர்த்தவற்றோடு, சிதறிப் போகவிருந்த பழைய சேகரிப்புகளையும் வாங்கிக் காத்தார். போல்ட்ஸ்பர்ன் ஃபுளோரைட்டுகளும் அவற்றில் உண்டு. முடிவில் சுமார் 12,000 மாதிரிகளை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு விட்டுச் சென்றார். அதன் பெருமை எண்ணிக்கையில் இல்லை. எந்தச் சுரங்கம், எப்போது, யாரிடமிருந்து என்று எழுதி வைத்த குறிப்பிலும், முந்தைய உரிமையாளரின் பழஞ்சீட்டைத் தூக்கி எறியாமல் உடன் வைத்ததிலும்தான் இருக்கிறது. நாங்கள் சுரண்டிய வெள்ளைப் பொட்டின் இரகசியமும் இப்படிப் படித்தபோதுதான் விளங்கிற்று. கல்லின் கண்ணுக்குப் படாத ஓரத்தில் துளி வெள்ளைச் சாயம் இட்டு, அதன் மேல் மையால் எண் எழுதுவது சேகரிப்பவரின் வழக்கம். தாள் தொலைந்தாலும் எண் இருந்தால் பட்டியலில் தேடிவிடலாம். அதாவது எங்கள் கல்லுக்கு இரண்டு பாதுகாப்பு இருந்தது. இரண்டையும் ஒரே மாலையில் போக்கினோம்.

ஆனால் எங்களைப் போல் அறியாமல் செய்பவர் சிலரே. அறிந்தே செய்பவர் உண்டு என்பதுதான் வருத்தம். பழைய சேகரிப்பை மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக விற்கும் வியாபாரிகளில் சிலர், முந்தையவர் பெயர் தெரியவேண்டாம் என்று சீட்டை எடுத்துவிட்டுத் தம் கடைச் சீட்டை வைப்பார்கள். உடைந்ததை ஒட்டி, ஒட்டியதைச் சொல்லாமல் விற்பவரும் உண்டு. வாங்குபவர்களும் குற்றமற்றவர்கள் என்று நாங்கள் கூறமாட்டோம். வீட்டுக் கூடத்தில் விளக்கொளியில் மின்னினால் போதும் என்று வாங்குகிறவருக்குத் தாள் எதற்கு? கல்லை நகையாகப் பார்க்கும் கண்ணுக்குச் சீட்டு குப்பைதான்.

இங்கே எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. "இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, சோற்றுக்கில்லாதவர் இருக்கும் உலகில் கல்லுக்கு இவ்வளவு கவலையா?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய ஃபுளோரைட் ஒன்றுக்கு இன்று ஏலத்தில் கொடுக்கும் விலையில் ஒரு குடும்பம் நெடுநாள் பிழைக்கலாம். அதைத் தோண்டியவனின் குடும்பம் அப்படிப் பிழைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நாங்கள் கேட்பது விலையுயர்ந்த கல்லை அன்று, ஒரு தாளைத்தான். தாளுக்கு என்ன செலவு? இரண்டு விரற்கடை அகலமுள்ள தாள், கொஞ்சம் மை, பொறுமை. ஏழையின் பெட்டிக்கும் அது கட்டுப்படியாகும்.

"மண்ணுக்குள் இருந்ததை ஏன் எடுக்கவேண்டும், அங்கேயே இருக்கட்டுமே" என்றாள் வேறொருத்தி. இதற்கு எங்களில் பலர் தலையசைத்தோம். ஆனால் வியர்டேலில் நடந்ததைப் பாருங்கள். சேகரிப்பவர் எடுக்காமல் விட்டவை மண்ணுக்குள் இருக்கவில்லை, உலைக்குள் போயின. அமெரிக்காவின் கெண்டக்கியில் சுரங்க அதிபர் பென் கிளமெண்ட் என்பவர், நொறுக்கப் போகும் கல்லிலிருந்து அழகியவற்றை எடுத்து வைத்தார். இன்று மேரியன் என்ற ஊரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. அவர் எடுக்காமலிருந்தால் அவை என்னவாயிருக்கும்? படிகத்திற்காகவே தோண்டும் முறையும் இப்போது வந்திருக்கிறது. வியர்டேலின் ரோகர்லி என்ற இடத்தில் 1999 முதல் சில ஆண்டுகள் அப்படித் தோண்டினார்கள். ஒவ்வொரு பொந்துக்கும் தனிப் பெயரிட்டு, எந்தப் பொந்தில் எந்தக் கல் என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். குறிப்பு எடுத்துக்கொண்டு தோண்டுவதற்கும் கொள்ளையடிப்பதற்கும் வேறுபாடு உண்டென்றே எண்ணுகிறோம்.

பழஞ்சீட்டுகளின் மேல் எங்களுக்கும் ஒரு குறை இருக்கிறது. அவற்றில் உரிமையாளர் பெயர் இருக்கும். விற்றவர் பெயர் இருக்கும். சுரங்கத்தின் பெயர் இருக்கும். பாறையைக் குடைந்து, மூச்சில் தூசி ஏற, அந்தப் பொந்தில் முதலில் கைவிட்டவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவன் எழுதத் தெரியாதவனா என்றால் அதுவும் இல்லை. அவனை யாரும் கேட்கவில்லை. இனிச் சீட்டு எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரிக்கு இடம் விட்டு எழுதவேண்டும்.

இனி எங்கள் கல்லின் கதைக்கு வருவோம். 1852 இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டோக்ஸ், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டு நீலமாக ஒளிரும் தன்மையை ஆராய்ந்தார். அதற்கு "ஃபுளோரசன்ஸ்" என்று இந்தக் கல்லை வைத்தே பெயரிட்டார். அவர் ஆய்ந்த கற்களில் ஒன்று ஆல்ஸ்டன் மூரிலிருந்து வந்தது. வியர்டேலுக்கு அடுத்த மேட்டு நிலம் அது. (அவரும் ஊரை எழுதி வைத்தார் என்பதைக் கவனியுங்கள்!) அந்தப் பகுதிக் கற்களில் சிறிதளவு கலந்துள்ள யுரோப்பியம் என்ற தனிமமே அந்த நீல ஒளிக்குக் காரணம். எங்களில் ஒருத்தியின் தந்தை கடை வைத்திருக்கிறார். பணத்தாள் நல்லதா கள்ளதா என்று பார்க்கும் ஊதா விளக்கை அவரிடமிருந்து இரவல் வாங்கி வந்தோம். சன்னலை மூடிவிட்டு விளக்கைப் பிடித்தோம்.

கல் நீலமாக ஒளிர்ந்தது! கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். காரீயத் தாது இருக்கிறது, ஒன்றையொன்று துளைக்கும் கனசதுரம் இருக்கிறது, நீல ஒளி இருக்கிறது, "பி" என்ற எழுத்தும் இருக்கிறது. இனி என்ன ஐயம்? "போல்ட்ஸ்பர்ன், இங்கிலாந்து" என்று அழகிய கையெழுத்துள்ளவள் எழுதவும் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கும் பெருமை, எங்கள் குற்றமும் மறையும்.

அப்போதுதான் ஒருத்தி கிங்ஸ்பரி பெயரைச் சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆர்தர் கிங்ஸ்பரி (1906–1968) கனிமம் சேர்ப்பதில் பெயர் பெற்ற ஆங்கிலேயர். பிரிட்டனில் யாரும் காணாத அரிய கனிமங்களை அடுத்தடுத்துக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அவருடைய சேகரிப்பும் இலண்டன் அருங்காட்சியகத்தையே அடைந்தது. அவர் மறைந்து 30 ஆண்டுகள் கழிந்தபின் அங்குள்ள அறிஞர்கள் அவற்றை மறுபடி ஆராய்ந்து, 1998 இலும் அதன் பின்னரும் எழுதினார்கள். பல கற்கள் அவர் சொன்ன ஊரில் பிறந்தவையே அல்ல. வேறு நாட்டிலோ பழைய சேகரிப்புகளிலோ இருந்தவற்றிற்குப் புதுச் சீட்டு எழுதியிருந்தார். ஒரு பொய்ச் சீட்டு ஒரு கல்லோடு நிற்பதில்லை. அவர் எழுதிய உண்மைச் சீட்டுகளையும் இன்று நம்ப முடியவில்லை. ஆயிரக்கணக்கான கற்கள் சந்தேகத்தில் நிற்கின்றன. இதில் இன்னொரு செய்தி: கார்ன்வாலில் கண்ட ஒரு கனிமத்திற்கு 1964 இல் "ஆர்தரைட்" என்று பெயர் வைத்தார்கள். ஆர்தர் ரசல், ஆர்தர் கிங்ஸ்பரி ஆகிய இருவரையும் சேர்த்துச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. மெய்யெழுதியவரும் பொய்யெழுதியவரும் ஒரே கல்லின் பெயரில் அடங்கிக் கிடக்கிறார்கள்.

நீலமாக ஒளிரும் ஃபுளோரைட் உலகில் பல இடங்களில் உண்டு. காரீயத் தாதுவோடு வரும் ஊதாக் கனசதுரம் இல்லினாயிலும் உண்டு. "பி" என்று பார்த்ததாகச் சொன்ன தோழியைத் திரும்பக் கேட்டபோது, "டி" யாகவும் இருக்கலாம் என்றாள். எழுதத் தொடங்கிய சீட்டைக் கிழித்தோம்.

புதிதாக என்ன எழுதுவது என்பதில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசி வரி வேண்டாம், வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்களே என்று பாதிப்பேர் சொன்னார்கள். வாக்கெடுப்பில் மூன்று வாக்கு வேறுபாட்டில் அந்த வரி நின்றது. கல்லின் ஓரத்தில் மறுபடி ஒரு வெள்ளைப் பொட்டு இட்டு எண் 1 என்று எழுதினோம். புதுக் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலும், கல்லின் அருகில் உள்ள சீட்டிலும் இப்படி இருக்கிறது:

"ஃபுளோரைட், காரீயத் தாதுவின் மேல். ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஆசிரியை ஒருவரின் பெட்டியில் வந்தது. கிடைத்த இடமும் எடுத்தவர் பெயரும் தெரியவில்லை. பழைய சீட்டு, அலமாரியைத் துப்புரவு செய்தபோது எங்களால் தொலைந்தது."